அழைத்ததும் அவர்கள், அடைத்ததும் அவர்கள்

பெண் கல்விக்குப் பாடுபட்டவர்களின் நினைவு இல்லங்களில் கதை பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். ஊர் பழமையில் ஊறியது, பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கும், ஒரு பெண் துணிந்து பள்ளிக்கூடம் தொடங்குவாள், ஊர் எதிர்க்கும், கடைசியில் அவள் ஜெயிப்பாள், வெளியே வரும் வழியில் ஒரு மார்பளவுச் சிலை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கேன்டர்பரி என்ற சின்ன ஊரில் இருக்கும் புரூடன்ஸ் கிராண்டல் அருங்காட்சியகம் இந்த அச்சுக்குள் அடங்காது. இந்த ஊர் பெண் கல்விக்கு எதிரியே இல்லை. எங்கள் பெண்களுக்கு நல்லதாக ஒரு பள்ளி வேண்டும் என்று ஊர்ப் பெரிய மனிதர்களே கேட்டு வரவழைத்த டீச்சர் இவர். அதே பெரிய மனிதர்கள் மூன்று வருஷம் முடிவதற்குள் அந்தப் பள்ளியை மூட வைத்தார்கள், அதற்காகத் தனியாக ஒரு சட்டமே போட்டுப் பார்த்தார்கள். எனக்கு இந்த வீடு முக்கியமாகப் படுவது அதனால்தான். பெண் கல்வி என்று பேசுகிறோமே, எந்தப் பெண் என்ற கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்கும் இடம் நான் வேறு பார்க்கவில்லை.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். அம்மா ரிட்டயர்டு டீச்சர். நயாகரா காட்டினால்கூட அஞ்சு நிமிஷத்தில் சரி போலாம் என்பவள், பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்டது என்றால் ஒரு எழுத்து விடாமல் நின்று படிப்பாள், படித்ததைப் பற்றிக் கேள்வியும் கேட்பாள்.

14, 169 என்ற இரண்டு மாநிலச் சாலைகள் சந்திக்கும் முனையிலேயே வீடு. ஏறக்குறைய 1805-இல் கட்டியது. இரண்டு மாடி, மர வீடு. வாசலுக்கு நேர் மேலே மாடியில் மூன்று பாகமாகப் பிரிந்து நடுப்பாகம் மட்டும் வளைந்து உயர்ந்த ஒரு பெரிய ஜன்னல். ஒரு காலத்தில் வசதியானவர்கள் இருந்த வீடு என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். 1969-இல் மாநில அரசு வாங்கி, 1984-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 1991-இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1995-இல் கிராண்டலையே மாநிலத்தின் அதிகாரபூர்வ வீராங்கனை என்று சட்டசபை அறிவித்தது. அறிவித்தது எந்தச் சட்டசபை என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராண்டல் பிறந்தது 1803-இல், பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டில். குவேக்கர் குடும்பம். குவேக்கர்கள் அந்தக் காலத்திலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் படிப்பு உண்டு என்று நினைத்த கிறிஸ்தவப் பிரிவினர், அதனால் இவருக்கும் நல்ல படிப்பு கிடைத்தது. 1831-இல் கேன்டர்பரிக்காரர்கள் கேட்டுக்கொள்ள, இந்த வீட்டை 2,000 டாலருக்கு வாங்கினார். கையில் இருந்து கொடுத்தது 500, மீதி 1,500 அடமானக் கடன். கல்யாணம் ஆகாத, இருபத்தெட்டு வயதுப் பெண் 1831-இல் தன் பெயரில் கடன் வாங்கி ஒரு உறைவிடப் பள்ளி தொடங்கியதே தனியாக ஒரு கட்டுரைக்கு ஆகும். நவம்பரில் பள்ளி திறந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, இலக்கணம், பூகோளம், வரலாறு, அதோடு வேதியியலும் வானியலும். ஓவியமும் பியானோவும் பிரெஞ்சும்கூட உண்டு. பெண்களுக்குக் கைவேலையும் நடை உடையும் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடும் பள்ளிகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஊருக்கு ஒரே பெருமை.

கால்வருஷத்துக்கு 25 டாலர் கட்டணம், பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். அம்மா உடனே கேட்டாள், "அப்ப இருபத்தஞ்சு டாலர்னா இப்ப எவ்வளவுடி?" கூலிவேலைக்குப் போகிறவர் ஒரு நாளைக்கு ஒரு டாலர் பார்ப்பதே பெரிய விஷயமாக இருந்த காலம் என்றேன். "அப்ப பணக்கார வீட்டுப் பிள்ளைங்கதான்" என்றாள். ஆமாம், முதலில் அப்படித்தான்.

பள்ளியில் வேலைக்கு இருந்த பெண் மரையா டேவிஸ், கறுப்பினத்தவர். அடிமை ஒழிப்புக்காக வில்லியம் லாயிட் காரிசன் பாஸ்டனிலிருந்து நடத்திய 'லிபரேட்டர்' பத்திரிகை அவரிடம் வந்துகொண்டிருந்தது. வேலை முடிந்த நேரத்தில் வகுப்பில் வந்து உட்கார்ந்துகொள்வார், பத்திரிகையை டீச்சருக்கும் படிக்கக் கொடுப்பார். யார் யாருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. மரையாவைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவரின் தங்கைதான் சாரா ஹாரிஸ். இருபது வயது. அவளுடைய அப்பா சுதந்திரமான கறுப்பின விவசாயி, லிபரேட்டருக்கு உள்ளூர் ஏஜென்ட். சாரா ஏற்கெனவே பொதுப் பள்ளியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு படித்தவள், ஊர் தேவாலயத்தில் உறுப்பினர். 1832 இலையுதிர் காலத்தில் அவள் கிராண்டலிடம் வந்து கேட்டதை கிராண்டலே பின்னால் லிபரேட்டருக்கு எழுதிய கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் படிக்க ஆசை, முடிந்தால் கறுப்பினக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு. சேர்த்துக்கொண்டால் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். உங்களுக்கு அதனால் கெடுதல் வரும் என்று நினைத்தால் வற்புறுத்த மாட்டேன். இவ்வளவுதான் அவள் கேட்டது.

அந்தக் கடைசி வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உரிமையைக் கேட்கிற பெண்ணே, உங்களுக்குத் தொந்தரவு என்றால் வேண்டாம் என்று கதவையும் திறந்து வைத்துவிடுகிறாள். யாராக இருந்தாலும் அந்தக் கதவு வழியாகக் கௌரவமாக நழுவியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கிராண்டலும் உடனே சரி சொல்லவில்லை. யோசித்தார், பைபிளைப் புரட்டினார், ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரைத் துடைக்க ஆளில்லை என்று, அதில் 'பிரசங்கி' என்ற பகுதியில் வரும் வசனம் கண்ணில் பட்டது, முடிவு செய்தார். ஊர்ப் பாதிரியாரின் மனைவி ஒருவர் வந்து, அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டால் உங்கள் பள்ளி மூழ்கிவிடும் என்று எச்சரித்தபோது, மூழ்கினால் மூழ்கட்டும், அவளை வெளியே அனுப்ப மாட்டேன் என்று பதில் வந்தது.

மூழ்கத்தான் செய்தது. வெள்ளைக்காரப் பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். அடமானக் கடன் அப்படியே நிற்கிறது. இந்த இடத்தில் நல்ல மனசுக்காரர் என்றால் சாராவை மட்டும் வைத்துக்கொண்டு வகுப்பை நடத்தியிருப்பார், இல்லை கடையைக் கட்டியிருப்பார். கிராண்டல் பாஸ்டனுக்குப் போய் காரிசனைப் பார்த்தார். 1833 மார்ச் 2 தேதியிட்ட லிபரேட்டரில் விளம்பரம் வந்தது: ஏப்ரல் முதல் திங்கள்கிழமையிலிருந்து இந்தப் பள்ளி கறுப்பின இளம்பெண்களுக்கும் சிறுமிகளுக்கும். அதே பாடங்கள், வேதியியல் முதல் பிரெஞ்சு வரை ஒன்றுகூடக் குறையவில்லை, அதே 25 டாலர். இந்தக் கட்டணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தர்மப் பள்ளியாக மாற்றவில்லை பாருங்கள். பாஸ்டன், பிராவிடன்ஸ், நியூயார்க், பிலடெல்ஃபியா என்று வடக்கு நகரங்களில் தொழில் செய்து கொஞ்சம் வசதியாக இருந்த கறுப்பினக் குடும்பங்கள், எங்கள் பெண்ணையும் படிக்க வைக்க ஒரு இடம் கிடைத்ததே என்று காசு கட்டி அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

ஊர் கொதித்தது. முன்னால் நின்றவர் ஆண்ட்ரூ ஜட்சன், வக்கீல், அரசியல்வாதி, பள்ளிக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர். முரடர் என்று நினைத்துவிடாதீர்கள். படித்தவர், ஊரில் மரியாதையானவர், அடிமை முறை நல்லதல்ல என்று சொல்லிக்கொண்டே சுதந்திரமான கறுப்பினத்தவர்களை எல்லாம் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்ற 'குடியேற்றச் சங்க'க் கருத்தைப் பிடித்துக்கொண்டவர். மார்ச் 9 அன்று ஊர்க்கூட்டம் நடந்தது. பெண் என்பதால் கிராண்டல் போய்ப் பேச முடியாது. அவர் சார்பாகப் பக்கத்து ஊர்ப் பாதிரியார் சாமுவேல் மே, அர்னால்ட் பஃபம் என்ற குவேக்கர் இருவரும் போனார்கள், அவர்களையும் பேச விடவில்லை. பிறகு மேயிடம் ஜட்சன் சொன்னதை மே தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்: கேன்டர்பரியில் மட்டுமல்ல, மாநிலத்தில் எங்குமே இப்படி ஒரு பள்ளி வரக் கூடாது, கறுப்பர்கள் இந்த நாட்டில் தங்கள் கீழ்நிலையிலிருந்து உயரவே முடியாது, உயரவும் விடக் கூடாது. உயர முடியாதவர்களை உயர விடாமல் தடுக்க எதற்கு இவ்வளவு பாடுபட வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

கனெக்டிகட் வடக்கு மாநிலம், தோட்ட அடிமைகள் நிறைந்த தெற்கு அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1831-இல், இதே மாநிலத்தின் நியூ ஹேவனில் கறுப்பின இளைஞர்களுக்கு ஒரு கல்லூரி தொடங்கலாம் என்ற யோசனை வந்தபோது ஊர்க்கூட்டத்தில் எதிர்த்து விழுந்த ஓட்டு 700, ஆதரித்து விழுந்தது 4. யேல் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் அது.

அப்புறம் நடந்தது நம் ஊரில் ஊர்விலக்கு என்று சொல்வோமே, அதேதான். கடைக்காரர்கள் பள்ளிக்குச் சாமான் விற்கவில்லை. டாக்டர் வைத்தியம் பார்க்க வர மறுத்தார். கோச் வண்டிக்காரர் மாணவிகளை ஏற்ற மறுத்தார். தேவாலயத்தில் இடமில்லை. மாணவிகள் வெளியே நடந்தால் பின்னாலேயே கொம்பு ஊதிக்கொண்டு வருவார்கள், அழுகிய முட்டையும் கல்லும் வந்து விழும். வீட்டுக் கிணற்றில் சாணத்தைக் கொட்டினார்கள். பக்கத்தில் யாரும் தண்ணீர் தரவில்லை, கிராண்டலின் அப்பா தன் பண்ணையிலிருந்து பீப்பாயில் கொண்டுவந்து கொடுத்தார்.

"கிணத்துலயா? குடிக்கிற கிணத்துலயா?" என்று அம்மா கேட்டாள். ஆமாம்மா என்றேன். "சாவித்திரிபாய் மேல எறிஞ்சதும் சாணிதான். ஊரு ஊருக்கு ஆளுதான் வேற போல." புனேயில் பூலே தம்பதியர் பள்ளி தொடங்கியது 1848-இல், இதற்குப் பதினைந்து வருஷம் கழித்து. பாடம் நடத்தப் போகும்போது எறிவார்கள் என்று தெரிந்தே சாவித்திரிபாய் மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டு போவார் என்று அம்மா தன் மாணவிகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். இரண்டு ஊருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது, கையில் எடுத்த பொருள் மட்டும் ஒன்று.

சாணத்தைவிடக் கெட்டிக்காரத்தனமான ஆயுதம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. வெளியூரிலிருந்து வரும் ஏழைகள், நாடோடிகள் ஊருக்குப் பாரமாகிவிடாமல் இருக்க ஒரு பழைய சட்டம் உண்டு. ஊரை விட்டுப் போகச் சொல்லியும் போகாதவருக்கு வாரத்துக்கு 1 டாலர் 67 சென்ட் அபராதம், அதற்கும் மசியாவிட்டால் வெற்றுடம்பில் பத்துக் கசையடி வரை கொடுக்கலாம். பல வருஷமாக யாரும் தொடாத அந்தச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, பிராவிடன்ஸிலிருந்து வந்திருந்த ஆன் எலைசா ஹாமண்ட் என்ற பதினேழு வயது மாணவிக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். வேதியியல் படிக்க முன்பணம் கட்டி வந்த பெண் நாடோடியாம். பாதிரியார் மே பதறிப்போய் 10,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் ஏற்பாடு செய்தார், அதே சமயம் அந்தப் பெண்ணிடம், தேவைப்பட்டால் அடியைத் தாங்கிக்கொள்ளத் தயாராக இரு என்றும் சொன்னார். அவள் தயார் என்றாள். அடி விழவில்லை, ஆனால் தயார் என்று சொன்ன வயது பதினேழு. அருங்காட்சியகம் யாருடைய பெயரில் இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறுவேன்.

பழைய சட்டம் பலிக்காததால் புதுச் சட்டம். 1833 மே 24 அன்று கனெக்டிகட் சட்டசபை நிறைவேற்றியது, 'கறுப்புச் சட்டம்' என்றுதான் இன்றைக்கும் அதற்குப் பெயர். வெளிமாநிலக் கறுப்பினத்தவர்களுக்கு ஊர் நிர்வாகிகளின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் பள்ளி வைக்கக் கூடாது, பாடம் நடத்தக் கூடாது, தங்க இடம் கொடுக்கக் கூடாது. முதல் குற்றத்துக்கு 100 டாலர், அடுத்தடுத்து இரட்டிப்பு. செய்தி வந்ததும் கேன்டர்பரியில் தேவாலய மணி அடித்து, பீரங்கி வெடித்துக் கொண்டாடினார்கள். ஒரு வீட்டுக்குள் இருபது பெண்கள் இலக்கணம் படிப்பதைத் தடுத்ததற்கு பீரங்கி! கிராண்டலை வீராங்கனை என்று அறிவித்த சட்டசபை என்றேனே, அது இதுதான்.

ஜூன் 27 அன்று கிராண்டலைக் கைது செய்தார்கள். பிணைத்தொகை ஒன்றும் பெரியதல்ல, நண்பர்கள் கட்டி அன்றைக்கே வெளியே எடுத்திருக்கலாம். வேண்டுமென்றே கட்டவில்லை. ஒரு ஸ்கூல் டீச்சரைப் பாடம் நடத்திய குற்றத்துக்காக ஜெயிலில் போட்டார்கள் என்று நாடு முழுக்கத் தெரியட்டும் என்பது கணக்கு. எதிர்த்தரப்புக்கு அது புரிந்து, தயவுசெய்து யாராவது பிணை கட்டுங்கள் என்று அவர்களே கெஞ்சும் நிலை வந்தது. பயமாக இருக்கிறதா என்று மே கேட்டபோது, எங்கே ஜெயிலில் போடாமல் விட்டுவிடுவார்களோ என்றுதான் பயம் என்றாராம் கிராண்டல். மே முன்கூட்டியே போய் அறையில் நல்ல மெத்தை போட்டு வைத்திருந்தார். அதற்கு முன் அந்த அறையில் இருந்தவர், மனைவியைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட ஒருவர். ஒரே ஒரு இரவு. அது போதுமானதாக இருந்தது, பத்திரிகைகள் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டன. நியூயார்க் வியாபாரி ஆர்தர் டாப்பன் வழக்குச் செலவை ஏற்றுக்கொண்டதோடு, கிராண்டலின் பக்கத்தைச் சொல்ல 'யூனியனிஸ்ட்' என்று ஒரு உள்ளூர்ப் பத்திரிகையையே தொடங்க வைத்தார்.

வழக்கில் கேள்வி ஒன்றுதான்: சுதந்திரமான கறுப்பினத்தவர் இந்த நாட்டின் குடிமக்களா? குடிமக்கள் என்றால், ஒரு மாநிலத்துக் குடிமகனுக்கு இன்னொரு மாநிலத்திலும் அதே உரிமைகள் உண்டு என்கிறது அரசியலமைப்பு, அப்படியானால் கறுப்புச் சட்டம் செல்லாது. ஆகஸ்டில் நடந்த முதல் விசாரணையில் ஜூரிகள் ஏழுக்கு ஐந்து என்று பிரிந்து முடிவுக்கு வரவில்லை. அக்டோபரில் தலைமை நீதிபதி டேவிட் டாகெட் முன்னால் மறுபடி விசாரணை. நியூ ஹேவன் கல்லூரியை எதிர்த்தவர்களில் இவரும் ஒருவர், போதுமா? அவர்கள் குடிமக்கள் அல்ல என்று ஜூரிகளுக்கு விளக்கினார், தீர்ப்பு கிராண்டலுக்கு எதிராக வந்தது. மேல்முறையீட்டில், 1834 ஜூலையில், மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. எப்படி? பள்ளிக்கு அனுமதி வாங்கவில்லை என்பதைக் குற்றப்பத்திரிகையில் சரியாக எழுதவில்லையாம். குடிமக்களா இல்லையா என்ற கேள்வியைத் தொடாமலே தாண்டிப் போய்விட்டார்கள். தொடாமல் விட்டது அப்படியே கிடந்து, 1857-இல், டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டானி, கறுப்பினத்தவர் குடிமக்கள் ஆக முடியாது என்று எழுதியபோது, கனெக்டிகட்டின் இந்தச் சட்டத்தையும் வழக்கையும் ஆதாரமாக எடுத்துக் காட்டினார். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடச் சண்டை அவ்வளவு தூரம் போனது. குடியுரிமைக் கேள்வி அரசியலமைப்பிலேயே தீர்ந்தது 1868-இல், உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கானவர்கள் செத்த பிறகு.

வழக்கில் தோற்கடிக்க முடியவில்லை என்றதும் இரவு வேலை தொடங்கியது. அதற்கு முன்பே, 1834 ஜனவரியில், வீட்டின் ஒரு மூலையில் தீ வைத்திருந்தார்கள். கடிகாரத்தைப் பழுதுபார்க்க வந்திருந்த ஃபிரடெரிக் ஓல்னி என்ற கறுப்பினத் தொழிலாளி தீயை அணைக்க உதவினார். போலீஸ் யாரைப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவரைத்தான். ஜூரிகள் விடுதலை செய்தார்கள்.

செப்டம்பர் 9 நள்ளிரவில் ஒரு கும்பல் தடியும் இரும்புக் கம்பியுமாக வீட்டைச் சூழ்ந்து கீழ்த்தள ஜன்னல்களை ஒரே நேரத்தில் உடைத்தது. ஐந்து ஜன்னல் சட்டங்கள், தொண்ணூறு கண்ணாடிகள் என்று மே எழுதியிருக்கிறார். தொண்ணூறு என்பது வெறும் எண்ணாக இருந்தது எனக்கு, கீழ்த்தள அறையில் நிற்கும்வரை. இந்தக் கால ஜன்னல் மாதிரி ஒரே பெரிய கண்ணாடி கிடையாது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய சின்னச் சின்னச் சதுரங்களை மரச்சட்டத்தில் பொருத்தியிருப்பார்கள். அதில் தொண்ணூறை உடைக்க வேண்டுமென்றால் அடித்துவிட்டு ஓடினால் ஆகாது, நின்று நிதானமாக, சட்டம் சட்டமாக உடைக்க வேண்டும். உள்ளே இருட்டில் பெண்கள் படுத்திருக்கிறார்கள். அம்மா ஜன்னல் ஓரத்தில் நின்று விரலால் எண்ணிக்கொண்டே போனாள், பாதியில் விட்டுவிட்டாள்.

மறுநாள் பள்ளி மூடப்பட்டது. மாணவிகளிடம் வீட்டுக்குப் போகச் சொல்லும் வேலை மேயின் தலையில் விழுந்தது. கேன்டர்பரிக்காக, கனெக்டிகட்டுக்காக, என் நாட்டுக்காக, என் நிறத்துக்காக வெட்கப்பட்டேன் என்று எழுதினார். அதற்கு முந்தைய மாதம்தான் கிராண்டல், கால்வின் ஃபிலியோ என்ற பாதிரியாரை மணந்திருந்தார். விளம்பரத்தில் பிறந்த பள்ளி விளம்பரத்திலேயே முடிந்தது: வீடு விற்பனைக்கு என்று ஃபிலியோ அறிவித்தார். கறுப்புச் சட்டத்தை 1838-இல் ரத்து செய்தார்கள். அப்போது கவர்னராக இருந்தவர் வில்லியம் எல்ஸ்வொர்த், கிராண்டலுக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவர்.

ஜட்சனின் மீதிக் கதையைச் சொல்லாமல் விட மனசில்லை. அவர் மத்திய அரசின் மாவட்ட நீதிபதியானார். 1840-இல் அமிஸ்டாட் கப்பல் வழக்கு வந்து நின்றது அவர் முன்னால்தான்: கடத்தி வரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கப்பலைக் கைப்பற்றிய வழக்கு. இந்த நீதிபதியா, தொலைந்தோம் என்றுதான் அடிமை ஒழிப்புக்காரர்கள் நினைத்திருப்பார்கள். அவர்கள் சுதந்திரமாகப் பிறந்தவர்கள், ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தீர்ப்பு சொன்னார். மனம் மாறிவிட்டாரா என்று சிலர் வியக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவது அவருக்குப் பழைய கொள்கைதானே. பக்கத்து வீட்டில் பிரெஞ்சு படிப்பதுதான் அவருக்குப் பிரச்சினை.

மாணவிகள் என்ன ஆனார்கள்? ஜூலியா வில்லியம்ஸ் என்பவர் இங்கிருந்து நியூ ஹாம்ப்ஷயரில் இன்னொரு பள்ளிக்குப் போனார். 1835-இல் அந்த ஊர்க்காரர்கள் மாடுகளைப் பூட்டி அந்தப் பள்ளிக் கட்டடத்தையே அஸ்திவாரத்திலிருந்து இழுத்துப்போட்டார்கள். அவர் சளைக்கவில்லை, ஹென்றி ஹைலாண்ட் கார்னெட் என்ற புகழ்பெற்ற அடிமை ஒழிப்புத் தலைவரை மணந்து அதே வேலையில் தொடர்ந்தார். சாரா 1833 நவம்பரிலேயே ஜார்ஜ் ஃபேயர்வெதர் என்ற கொல்லரை மணந்துகொண்டார். அதே நாளில் அவருடைய அண்ணனுக்கும் மரையாவுக்கும் கல்யாணம். மூத்த மகளுக்கு சாரா வைத்த பெயர் புரூடன்ஸ் கிராண்டல். டீச்சரும் மாணவியும் கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டார்கள், 1877-இல் சாரா கான்சஸ் வரைக்கும் போய் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தார்.

கான்சஸ் மாநிலத்தில் எல்க் ஃபால்ஸ் என்ற ஊர். கணவர் இறந்த பிறகு தம்பியோடு கிராண்டல் அங்கேதான் இருந்தார். 1886-இல் கனெக்டிகட்டிலிருந்து சைக்கிளில் ஊர் சுற்றிக்கொண்டு வந்த ஜார்ஜ் தேயர் என்பவர் அவரைப் போய்ப் பார்த்தார். எண்பது தாண்டிய கிராண்டல் அவரிடம் பேசியதில் துளிகூட சாந்தம் இல்லை. என் வாழ்க்கையே எதிர்ப்புத்தான், என் கணவரே எல்லோரையும்விட அதிகமாக எதிர்த்தார், அவர் படித்த புத்தகங்களை என்னைப் படிக்க விடமாட்டார், ஆனால் நான் படித்தேன். இந்த ஊரில் என் மனசுக்குத் தீனி இல்லை, ஒரு நூலகம்கூடக் கிடையாது, பேசுவதற்கு ஒன்றிரண்டு பேர்தான் தேறுவார்கள், பாதிரியார்களுக்கு என்னைக் கண்டால் பயம். வீராங்கனைப் பட்டத்தைவிட இந்தப் பாட்டியின் சிடுசிடுப்பு எனக்கு ஆயிரம் மடங்கு பிடித்திருக்கிறது. காரில் இதைச் சொன்னபோது அம்மா, "புருஷன் புஸ்தகத்த ஒளிச்சு வெச்சிருக்கான் பாரு, பாதிரியாராம்" என்று ஃபிலியோவை விட்டுப் பிடிக்கவே இல்லை.

அதே 1886-இல் கேன்டர்பரி மக்கள் 112 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று சட்டசபைக்குப் போனது: இந்த ஊரில் அவருக்கு இழைத்த கொடுமைக்கு ஈடாக ஏதாவது செய்யுங்கள் என்று. மாநிலத் தலைநகரான ஹார்ட்ஃபோர்டில் குடியிருந்த எழுத்தாளர் மார்க் ட்வெய்னும் ஆதரவு கொடுத்தார், பழைய வீட்டையே வாங்கித் தருகிறேன் என்றாராம். வீடு வேண்டாம் என்று கிராண்டல் மறுத்துவிட்டார். சட்டசபை வருஷத்துக்கு 400 டாலர் பென்ஷன் போட்டது. வாங்கிக்கொண்டார். 1890 ஜனவரியில் இறந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: அருங்காட்சியகம் வருஷம் முழுக்கத் திறந்திருப்பதில்லை, நாள் நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பக்கத்தில் சாப்பிட ஒன்றும் கிடையாது, கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போவது நல்லது. பார்த்து முடித்த பிறகு பாதி நாள் மிச்சமிருந்தால் எல்லோரும் ஹார்ட்ஃபோர்டுக்குப் போய் தலைமைச் செயலகத்தில் கிராண்டலின் சிலையைப் பார்க்கச் சொல்வார்கள், பக்கத்தில் ஒரு மாணவியும் நிற்கும் நல்ல சிலைதான். நான் சொல்வது எதிர்த்திசை. ஒரு மணி நேரத்தில் ரோட் ஐலண்டின் கிங்ஸ்டன் வந்துவிடும், சாரா ஹாரிஸ் ஃபேயர்வெதர் குடும்பம் வாழ்ந்த ஊர். அங்கே ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் விடுதிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.